சாக்கடைக் குழாய் போட்டுக்கொடுத்த பிளான்

எங்கள் கட்டடத்தின் ஒரு மூலை, இரண்டாவது மாடியிலிருந்து மேலே, ஆறரை மீட்டர் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், படமெடுப்பார்கள். "எப்படி சார் இப்படி ஒரு ஐடியா வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. கீழே சாக்கடை போகிறது, தூண் வைக்க விடவில்லை, அதனால் வந்தது என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைப்பு.

அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். நகருக்குள் மனை வாங்கி, வழக்கமான டப்பாவாக இல்லாமல் கொஞ்சம் துணிச்சலாக ஏதாவது கட்ட நினைப்பவர்கள், நாங்கள் பட்ட அவஸ்தையில் பாதியையாவது தவிர்க்கலாம்.

நாங்கள் மூன்று பேர். நான், மச்சான், அவருடைய பழைய கூட்டாளி ஒருவர். அதற்கு முன் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டியிருந்தோம். மூன்றும் செவ்வக மனை, செவ்வகக் கட்டடம். லாபம் வந்தது, தூக்கமும் வந்தது. நான்காவதில் மச்சானுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் சுவரில் ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தார். ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் 2005-இல் கட்டி முடித்த டர்னிங் டோர்சோ. கலட்ராவா வடிவமைத்தது, 190 மீட்டர் உயரம், அடியிலிருந்து முடிக்குள் 90 டிகிரி திருகிக்கொண்டு போகும். "நாமும் சின்னதா ஒண்ணு இப்படித் திருகுவோம்" என்பார்.

எங்கள் முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மனசுக்குள் ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு அதற்கு மனை தேடினோம். தேடுகிற கண்ணுக்கு எல்லாம் பொருத்தமாகத்தான் தெரியும். இரண்டு சாலைகள் சேரும் முனையில், ஆப்புப் போல ஒரு மனை வந்தது. பழைய வண்டிப் பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன சிமென்ட் தரை. பத்திரத்தில் 1,100 சதுர மீட்டர். இரண்டு பக்கமும் சாலை, எங்கிருந்து பார்த்தாலும் கட்டடம் தெரியும் என்று தரகர் சொன்னது உண்மைதான். இன்னொருவர் கேட்கிறார் என்று அவர் சொன்னது உண்மையா என்பது இன்றைக்கு வரை தெரியாது. பத்திரத்தை மட்டும் வக்கீலிடம் காட்டி, வில்லங்கம் இல்லை என்று அவர் சொன்னதும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

வக்கீல் சொன்னது தப்பில்லை. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை. மண்ணுக்குள் இருந்தது.

அதற்கு முன் சர்வேயர் வந்தார். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்து மூலைக்கு மூலை அளந்ததில் 1,100 என்பது 1,062 ஆனது. பின்பக்கத்து அண்டைவீட்டார் மதிலும் நாற்பது சென்டிமீட்டர் எங்கள் பக்கம் வந்திருந்தது. அது கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இடிக்கச் சொல்லிப் போனால் வழக்கும் பகையும்தான் மிஞ்சும். நேர்ப் பக்கச் சுவர் நாற்பது சென்டிமீட்டர் போனால் பெரிதில்லை என்று மச்சான் சொன்னார். ஆப்பு வடிவ மனையில் எங்கே போனாலும் வலிக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அளந்த பிறகு விலை பேசியிருந்தால் அந்த 38 சதுர மீட்டருக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கணக்கு. எங்களுக்கு அனுமதித்த எஃப்எஸ்ஐ 2.5. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டரை மடங்கு தளப்பரப்பு கட்டலாம். 2,655 சதுர மீட்டர். பேப்பரில் இருக்கும் இப்படி ஒரு எண்ணை நம்பித்தான் மனைக்கு விலை பேசியிருந்தோம். ஆனால் சுற்றிலும் விட வேண்டிய காலி இடம், அதாவது செட்பேக், கட்டடத்தின் உயரத்தோடு கூடிக்கொண்டே போகும். செவ்வக மனையில் அது சுற்றளவில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆப்பு மனையில் இரண்டு பக்கக் கோடுகளும் முனையில் சந்தித்து முனையையே விழுங்கிவிடும். மாடி ஒன்றுக்கு 480 சதுர மீட்டருக்கு மேல் தேறவில்லை.

அதிலும் விற்கக்கூடியது எவ்வளவு? பழைய மூன்று கட்டடங்களில் நூறு சதுர மீட்டர் கட்டினால் எண்பத்திரண்டை விற்றோம். மச்சானின் திருகல் பிளானில் அறுபத்தொன்பது. லிஃப்டும் இரண்டு மாடிப்படியும் நடைவழியும் மனை குறுகலாக இருக்கிறதே என்று குறுகாது. அவற்றுக்கு வேண்டிய இடம் வேண்டும். நூற்றுக்குப் பதின்மூன்று என்ற இந்த வித்தியாசத்தை 2,655-க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட முக்கால் மாடி. எங்கள் லாபம் மொத்தமும் அதற்குள் இருந்தது.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும். விற்றால் என்ன வரும் என்பதில் ஆரம்பித்து, கட்டும் செலவு, கட்டணங்கள், கட்டி முடித்து விற்கும்வரை வட்டி, நமக்கு வேண்டிய லாபம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் மனைக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை. தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எங்களுக்கும் தெரியும். பிடித்த மனை என்று வந்தால் எல்லாரும் மேலிருந்து கீழே போட ஆரம்பித்துவிடுகிறோம்: மனை இவ்வளவு, அதனால் விற்பனை விலை இவ்வளவு வந்தாக வேண்டும் என்று.

எங்கள் ஆர்க்கிடெக்ட் இந்தக் கட்டத்தில் ஒரு வேலை செய்தார். அவர் பென்சிலைத் தொடுவதற்கு முன், விதிகள் அனுமதிக்கும் முழுக் கன அளவையும் தெர்மகோலில் வெட்டி மேசைமேல் வைத்தார். "சார், இதுக்குள்ள எதை வேணா செதுக்குவோம். இதுக்கு வெளியே ஆசைப்படாதீங்க." அது பார்க்கவே விசித்திரமான ஒரு கட்டியாக இருந்தது. ஒரு பக்கம் சரிவு, முனையில் படிப்படியாக உள்வாங்கல். விதியே வடிவத்தைத் தருவது புதிதல்ல என்று சொல்லி நியூயார்க்கை உதாரணம் காட்டினார். 1915-இல் எக்விட்டபிள் பில்டிங் என்று 38 மாடி, மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு நேராக எழும்பி, சுற்றியிருந்த தெருக்களை இருட்டாக்கியது. 1916-இல் அந்த நகரம் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. உயரம் போகப் போக உள்வாங்கிக் கட்ட வேண்டும் என்று ஆனது. பிறகு வந்த படிப்படியான கோபுரங்களை உலகம் அழகு என்று கொண்டாடியது. திருகல் படம் அந்த வாரமே சுவரிலிருந்து இறங்கிவிட்டது. மச்சான் இரண்டு நாள் பேசவில்லை.

சரி, இப்போது மண்.

துளை போட வந்த குழு முக்காலி நட்டது. 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழ வேண்டும் என்று எண்ணுவார்கள். அடி கூடினால் மண் கெட்டி. எண்ணுகிற பையன் ஒவ்வொரு அடிக்கும் சுண்ணக்கட்டியால் தன் செருப்பில் ஒரு கோடு போட்டான். மூன்று மீட்டரில் நான்கு கோடு. ஆறு மீட்டரில் மூன்று. இரும்பு குழாயைப் பிளந்தால் பசை மாதிரி கரிய களிமண், முகர்ந்தால் டீசல். பட்டறை இருந்த இடமாயிற்றே. மேல்மண்ணை ஒன்றரை மீட்டருக்குத் தோண்டித் தனியாக அகற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவும் எங்கள் கணக்கில் இல்லை. பதினெட்டு மீட்டருக்குக் கீழேதான் அடி எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது.

பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்களை, அதுவரை இறக்காமல் நடுவில் நிறுத்திச் செலவைக் குறைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். எங்கள் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் பெரியவர், அதிகம் பேசமாட்டார். "சான்ஃபிரான்சிஸ்கோல மில்லெனியம் டவர்னு ஒண்ணு இருக்கு, படிச்சுப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். படித்தேன். 58 மாடி, 2009-இல் முடிந்தது. பைல்களைப் பாறைவரை இறக்காமல் மேலே இருந்த மணல் அடுக்கோடு நிறுத்தியிருந்தார்கள். 2016 வாக்கில் கட்டடம் ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. பிறகு வெளிப்பக்கமாகப் பாறைவரை புதுப் பைல்களை இறக்க வேண்டியதாயிற்று. நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

நான்காவது துளை மனையின் முனைக்குப் பக்கத்தில் போட வேண்டும். முக்காலியை நகர்த்திக்கொண்டிருந்தபோது பட்டறையின் பழைய காவல்காரர் வந்து, "அங்கே போடாதீங்க. மழை நாள்ல ராத்திரி படுத்திருந்தா தரைக்கு அடியில தண்ணி ஓடுற சத்தம் கேட்கும்" என்றார். குழுத்தலைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மட்டும் ஏதோ தோன்றிக் கடப்பாரையால் தரையைத் தட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. உடைத்தோம். இரண்டு அங்குலம் சிமென்டுக்கு அடியில் வட்டமான இரும்பு மூடி. யாரோ மேன்ஹோலின் மேலேயே தரை போட்டிருக்கிறார்கள்.

கழிவுநீர்த் துறையின் பழைய வரைபடத்தில் அது இருந்தது. முனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பிரதானக் குழாய். பத்திரத்தில் இல்லாததால் வக்கீலுக்குத் தெரிய வழியில்லை. விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டு என்ன பயன்? துறையின் நிபந்தனை தெளிவாக இருந்தது: குழாயின் இரு பக்கமும் மூன்று மீட்டருக்குள் அஸ்திவாரம் கூடாது, வண்டி வந்து மூடியைத் திறக்க எப்போதும் வழி வேண்டும், மேலே ஐந்தரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். மனையின் மிக விலையுயர்ந்த இடம், இரண்டு சாலையும் பார்க்கிற முனை, கையை விட்டுப் போயிற்று.

மச்சான் விலகலாம் என்றார். விலகினால் முன்பணம் போகும். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முழு முன்பணத்துக்குப் பதிலாக, ஒரு சிறு தொகை கொடுத்து மூன்று மாதம் கெடு வாங்கி, அளவை, மண், நிலத்தடிக் குழாய்கள், கட்ட அனுமதி நான்கும் சரியாக இருந்தால் வாங்குகிறேன் என்று நிபந்தனையோடு எழுதிக்கொள்ளலாம். சிறு தொகை போனாலும் தலை தப்பும். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், தொலைபேசி என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் போய் இந்த மனைக்கு அடியில் உங்களுடையது ஏதாவது போகிறதா என்று கேட்க எங்களுக்கு அப்புறம் ஆனது நான்கே நாள்.

முனைக்கு வழி சொன்னவர் ஆர்க்கிடெக்ட். தரைத்தளமும் முதல் மாடியும் குழாய்க்குப் பின்னால் நின்றுவிடட்டும், இரண்டாவது மாடியிலிருந்து மேலே முனைவரை அந்தரத்தில் வரட்டும் என்றார். குழாய்க்கு வேண்டிய ஐந்தரை மீட்டர் தானாகவே கிடைத்துவிடும். மச்சான் முகத்தில் அன்றுதான் வெளிச்சம். பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு சிட்டிகார்ப் சென்டர் கதையைச் சொன்னார்.

நியூயார்க்கில் 1977-இல் முடிந்த 59 மாடிக் கோபுரம். மனையின் மூலையில் ஒரு தேவாலயம் இருந்தது. அதே மூலையில் புதிய தேவாலயம் தனியாக நிற்க வேண்டும், அதற்கு மேலுள்ள வெளியை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற நிபந்தனையில் தேவாலயத்தார் இடம் கொடுத்தார்கள். மூலையில் தூண் வைக்க முடியாததால், நான்கு பெரிய தூண்களையும் பக்கங்களின் நடுவில் நிறுத்தி, ஒன்பது மாடி உயரத்துக்கு மேல் கோபுரத்தைத் தூக்கி வைத்தார் என்ஜினியர் வில்லியம் லெமெஸ்யூரியர். எல்லாரும் வியந்தார்கள். அடுத்த வருஷம் அவரே கணக்கை மறுபடி பார்த்தபோது, மூலைவாட்டில் அடிக்கும் காற்றில் சட்டங்களின் மேல் பாரம் அதிகமாவது தெரிந்தது. அதோடு, வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளைக் கட்டும்போது போல்ட்டாக மாற்றியிருந்தார்கள். 1978-இல் இரவு இரவாக இணைப்புகளின்மேல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். 1995 வரை வெளியுலகுக்கு விஷயமே தெரியாது.

"மூலையில தூண் இல்லாம கட்டலாம் தம்பி. ஆனா என் கையெழுத்து இல்லாம சைட்ல ஒரு கம்பியை மாத்தக் கூடாது." அன்றே ஒரு நோட்டு போட்டோம். கம்பி கிடைக்கவில்லை, குழாய்க்கு ஓட்டை போட வேண்டும், எதுவானாலும் நோட்டில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை. மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார். நூற்றுப் பதினான்கு பதிவுகள் ஆயின. அதில் மூன்றுக்குப் பெரியவர் முடியாது என்றார். ஒன்று, தொங்கும் பகுதியைத் தாங்கும் சுவரில் ஏசி குழாய்க்கு ஓட்டை.

அந்தச் சுவர்தான் ரகசியம். மூன்றாவது மாடியின் இரண்டு வெளிச்சுவர்களும் ஒரு மாடி உயரமுள்ள கான்கிரீட் உத்திரங்கள். அவை முனையில் தொங்குவதைத் தாங்கிப் பின்னால் லிஃப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் கூண்டோடு கட்டிப்போட்டிருக்கின்றன. தராசு மாதிரி, முன்னால் இறங்கினால் பின்னால் எழும்பப் பார்க்கும். பின்பக்கப் பைல்கள் பாரம் தாங்குவதோடு கட்டடத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. கட்டுமானச் செலவு பத்தில் ஒரு பங்கு ஏறியது. மேற்குப் பக்கக் கண்ணாடி முகப்பை உட்குழிவாக வளைக்கலாம் என்று பேச்சு வந்தபோது நானே வேண்டாம் என்றேன். லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி 2013-இல் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. ஒரு துணிச்சல் போதும்.

முனை வீட்டின் அறை அளவுகள் பேப்பரில் நன்றாக இருந்தன. நம்பாமல், காலிப் பட்டறைத் தரையில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கூட்டாளி கட்டில் மாதிரி நீட்டிப் படுத்தார். மச்சான் அலமாரி மாதிரி நின்றார். நான் கதவைத் திறந்து உள்ளே வருவது போல வந்தேன். கூட்டாளியின் காலை மிதித்தேன். சாய்ந்த சுவரில் கட்டிலை ஒட்டிப் போட்டால் தலைமாட்டில் யாருக்கும் உதவாத முக்கோணம். அன்றைக்கே படுக்கையறை பின்னால் போனது, முனை உட்கார்ந்து பார்க்கும் இடமாக ஆனது. நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தின் முனை இரண்டு மீட்டர் அகலம்தான். 1902-இலிருந்து அது சாமர்த்தியமாகத்தான் சமாளித்து வருகிறது. அதில் யாரும் கட்டில் போட்டதாகக் கேள்விப்படவில்லை.

ஒரு மனக்குறை பின்பக்க வீட்டார் விஷயத்தில். பேஸ்மென்ட் தோண்டுமுன் இரண்டு பக்கத்து வீடுகளின் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து, விரிசல்களைக் குறித்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார் பெரியவர். பின்வீட்டார் அப்போது ஊரில் இல்லை, அதனால் விட்டுவிட்டோம். விரிசல் விட்டது அந்த வீட்டில்தான். அதில் எது பழசு, எது எங்களால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் நாங்களே பூசிக் கொடுத்தோம். பாஸ்டனில் ஜான் ஹான்காக் டவருக்குத் தோண்டியபோது பக்கத்திலிருந்த டிரினிட்டி தேவாலயமே சேதமடைந்தது என்று படித்து, நம்முடையது சிறிது என்று ஆறுதல் பட்டுக்கொண்டோம்.

முட்டுக் கழற்றிய நாள் மறக்காது. அந்தரப் பகுதிக்குக் கீழே நாற்பத்தெட்டு இரும்பு முட்டுகள். தொங்கும் முனையில் ஆரம்பித்து உள்நோக்கித்தான் கழற்ற வேண்டும், ஒரு சுற்றுக்குக் கால் அங்குலம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். முனை இறங்கும் என்று தெரிந்தே இருபது மில்லிமீட்டர் தூக்கிக் கட்டியிருந்தோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிக் கடைசி முட்டு தளர்ந்தபோது மணி பதினொன்று. சர்வேயர் கண்ணாடியில் பார்த்து "ஒன்பது" என்றார். ஒன்பது மில்லிமீட்டர். மீதி வருஷக்கணக்கில் மெல்ல இறங்கும் என்றார் பெரியவர். அதற்காகக் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே இருபத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னதை முகப்பு வேலை எடுத்தவர் அழகுக்காகப் பத்தாகக் குறைத்துவிட்டார். அது நோட்டில் ஏறவில்லை. எட்டாவது மாதம் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டன.

கடைசிக் கணக்கு கேட்பவர்களுக்கு: விற்கக்கூடிய பங்கை எழுபத்தாறுக்குக் கொண்டுவந்தோம். முனை வீடுகளை பிளானில் யாரும் வாங்கவில்லை. கட்டடம் எழும்பிய பிறகு மேலே கூட்டிப்போய் நிற்கவைத்தால்தான் கை நீட்டினார்கள். அதுவரைக்கும் வட்டி எங்கள் தலையில். பழைய டப்பாக்கள் தந்ததைவிட லாபம் குறைவு. வித்தியாசமான கட்டடம் தானே விற்றுக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், அவர் வட்டி கட்டியவரா என்று கேளுங்கள். மச்சானுக்கு மட்டும் வருத்தமே இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை கழிவுநீர்த் துறை வண்டி வரும். அந்தரத்துக்குக் கீழே மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டத்துக்குள் நின்று மூடியைத் திறப்பார்கள். அன்றைக்குப் படமெடுக்க யாரும் வருவதில்லை. முனை வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். பழைய காவல்காரர் இப்போது எங்களிடம்தான் இருக்கிறார். வண்டி வரும் தேதியை அவர்தான் சுவரில் எழுதி வைப்பார்.